ஒரே சட்டைக்கு இரண்டு கேப்டன்கள்: வாசகர் கேள்வி பதில்

மார்வெல் காமிக்ஸ் நாயகன் கேப்டன் அமெரிக்கா பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில், அரசாங்கமே தயார் செய்து அனுப்பிய 'இன்னொரு கேப்டன்' தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

ஜான் வாக்கர் 2021-இல் வந்த தொலைக்காட்சித் தொடருக்காக உருவாக்கப்பட்ட பாத்திரமா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

இல்லை. அவருக்கு அப்போதே முப்பத்தைந்து வயது. 1986 நவம்பர் தேதியிட்ட 'கேப்டன் அமெரிக்கா' 323-ஆம் இதழில் 'சூப்பர் பேட்ரியட்' என்ற பெயரில் அறிமுகமானார். எழுதியவர் மார்க் குரூன்வால்ட், வரைந்தவர் பால் நீரி. 1987 செப்டம்பரில் வந்த 333-ஆம் இதழில் அரசாங்கம் அவருக்குக் கேப்டன் உடையை மாட்டிவிட்டது. 350-ஆம் இதழில், அதாவது 1989 பிப்ரவரியில், கழற்றியது. 354-இல் 'யு.எஸ். ஏஜென்ட்' ஆகத் திரும்பினார்.

1953-54 இதழ்களில் கேப்டன் அமெரிக்கா கம்யூனிஸ்டுகளை விரட்டி விரட்டி அடிக்கிறார். ஆனால் 1945 முதல் அவர் பனிக்குள் உறைந்து கிடந்தார் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்)

இரண்டுமே அச்சில் வந்தவைதான். சிக்கலை உண்டாக்கியது பதிப்பகம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விற்பனை சரிந்து நின்றுபோன கேப்டனை 1953 டிசம்பரில் மறுபடி இறக்கிப் பார்த்தார்கள். 1954-இல் அவர் பெயரிலேயே 76, 77, 78 என மூன்று இதழ்கள் வந்தன. வாங்க ஆளில்லை, கடையைக் கட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1964 மார்ச்சில் 'அவெஞ்சர்ஸ்' நான்காம் இதழில், போரின் கடைசி நாட்களிலிருந்தே உறைந்து கிடந்தவராக அவரைக் கடலிலிருந்து எடுத்தார்கள். 1954 கதைகளை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட். 1972-இல் 153 முதல் 156 வரையான இதழ்களில், ஓவியர் சால் புஸ்செமாவுடன் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்தார். அவர் சொன்ன கணக்கு இது: 1950-களில் அடித்துத் திரிந்தவர் அசல் கேப்டனான ஸ்டீவ் ரோஜர்ஸ் அல்ல. கேப்டன் மேல் பித்துப் பிடித்த ஒரு வரலாற்று ஆய்வாளர் நாஜிகளின் கோப்புகளில், ஸ்டீவைக் கேப்டன் ஆக்கிய வீரிய மருந்தின் சூத்திரத்தைக் கண்டுபிடிக்கிறார். 'என்னையே கேப்டன் ஆக்கினால் தருகிறேன்' என்று அரசாங்கத்திடம் பேரம் பேசுகிறார். முகத்தை அறுவை செய்து மாற்றுகிறார்கள், பெயரையும் மாற்றுகிறார்கள். கொரியப் போர் முடிந்துவிடவே திட்டத்தைக் கைவிடுகிறார்கள். முகம் மட்டும் திரும்பவில்லை. பிறகு ஒரு பள்ளியில் வேலை பார்க்கும்போது, தன்னைப் போலவே பித்துப் பிடித்த மாணவன் ஜாக் மன்றோவைச் சந்திக்கிறார். இருவரும் தாங்களாகவே மருந்தை ஏற்றிக்கொள்கிறார்கள்.

கோளாறு அங்கேதான். அசல் செய்முறையில் இரண்டு கட்டம் உண்டு: முதலில் மருந்து, அடுத்து அதை உடலில் நிலைப்படுத்தும் 'வீட்டா' கதிர். இவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொண்டார்கள். உடல் தேறியது, புத்தி பேதலித்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்கள்கூட எதிரிகளாகத் தெரிந்தார்கள். கடைசியில் அரசாங்கமே இருவரையும் பிடித்து உறைநிலையில் போட்டது. அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தால் கொதித்துப்போன ஒரு ஊழியர் 1972-இல் அவர்களைத் திறந்துவிட, அசலும் நகலும் மோதுகிறார்கள்.

எங்கள் பார்வையில் வாக்கர் கதையைவிட இதுவே கூர்மையானது. தன் பழைய இதழ்களில் இருந்த வெறுப்பை ஒரு பதிப்பகம் மறைக்கவில்லை. அதைப் பைத்தியத்தின் அறிகுறியாகக் காட்டி, சொந்த நாயகன் கையாலேயே அடிக்கவைத்தது.

கேப்டன் அமெரிக்காவே ஒரு நகல் என்று நண்பர் வாதாடுகிறார்.
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பாதி நியாயம் உண்டு. அமெரிக்கக் கொடி நிறத்தில் உடை போட்ட 'தி ஷீல்டு' என்ற நாயகன் எம்.எல்.ஜே. நிறுவனத்தின் 'பெப் காமிக்ஸ்' முதல் இதழில், 1940 ஜனவரியிலேயே வந்துவிட்டார். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த கேப்டன் 1941 மார்ச் இதழில் வந்தார். அதில் அவர் கையிலிருந்த முக்கோணக் கேடயம் ஷீல்டின் மார்பு அமைப்பைப் போல இருந்ததால் எம்.எல்.ஜே. எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டாம் இதழிலிருந்து கேடயம் வட்டமானது. புகழ்பெற்ற அந்த வட்டம் தகராறில் பிறந்தது.

உழைத்துப் பெயர் வாங்கியவரிடமிருந்து சட்டையை எப்படிப் பிடுங்க முடியும்? சட்டப்படி செல்லுமா?
(மத்திய அரசு ஊழியர், நெய்வேலி)

332-ஆம் இதழை (1987 ஆகஸ்ட்) நீங்கள்தான் சரியாக ரசிப்பீர்கள். அதன் முக்கியமான கட்டம் ஒரு மேசைக்கு முன்னால் நடக்கிறது. ஸ்டீவுக்கு அதற்கு முன்பே ஒரு தொகை வந்திருந்தது: பனியில் கிடந்த ஆண்டுகளுக்கான சம்பள நிலுவை, ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். அந்த அரியர் பணத்தில் அவர் நாடு முழுக்க மக்கள் கூப்பிடத் தொலைபேசி வசதி அமைத்தார். அந்தப் பணம்தான் அவர் கோப்பை மேலே கொண்டுவந்தது. மீமனிதர்களைக் கண்காணிக்கும் அரசுக் குழு அவரை அழைத்துச் சொன்னது இவ்வளவே: பெயர், உடை, கேடயம் மூன்றும் அரசாங்கச் சொத்து. இனி நாங்கள் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் வைத்துவிட்டுப் போகலாம்.

அவர் யோசிக்க அவகாசம் கேட்கிறார். நண்பர்களிடம் பேசுகிறார். திரும்பிவந்து மூன்றையும் மேசைமேல் வைக்கிறார். வழக்குப் போட்டிருந்தால் வருடக்கணக்கில் வாய்தா வாங்கியிருக்கலாம். அவர் போடவில்லை. காகிதப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கதை நிற்பது அந்த இடத்தில்: அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசம் தோளில் இல்லை, யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. குழுவைப் பின்னாலிருந்து ஆட்டிவைத்தவன் கேப்டனின் பழைய நாஜி எதிரி ரெட் ஸ்கல் என்று பிறகு தெரியவரும். அந்தத் திருப்பம் இல்லாமலும் கதை நின்றிருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம். கெட்டவனே இல்லாத ஒரு குழுகூட அதே கடிதத்தைத் தட்டச்சு செய்யும்.

இருவரில் யார் பலசாலி?
(பத்தாம் வகுப்பு மாணவி, பண்ருட்டி)

வாக்கர். உயரம் 6 அடி 4 அங்குலம், சுமார் 10 டன் தூக்குவார். ஸ்டீவ் 6 அடி 2 அங்குலம், மனித உடலின் உச்ச வரம்புக்குள் நிற்பவர். கேடயம் வீச வாக்கருக்குப் பயிற்சி தந்தது டாஸ்க்மாஸ்டர் என்ற கூலி ஆசான், அவனே பிறர் அசைவைப் பார்த்துச் செய்பவன். பிரதிக்குப் பிரதி. 350-இல் மோதும்போது இன்னொரு பாரமும் இருந்தது: பழைய கூட்டாளிகள் அவருடைய உண்மைப் பெயரைப் பொதுவெளியில் போட்டு உடைத்ததால், 345-ஆம் இதழில் பெற்றோர் கொல்லப்பட்டார்கள். நிதானம் போன ஆள் பத்து டன்னை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வென்ற ஸ்டீவ், உடையை வாங்கிக்கொள்ளத் தயங்குகிறார். வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துபவர் வாக்கர்தான். ஸ்டீவ் இடைக்காலத்தில் போட்ட கறுப்பு உடை பிறகு வாக்கருக்குப் போகிறது.

பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மகனுக்குக் கேடயம் செய்ய வேண்டும். போன வருடம் தெர்மாகோலில் செய்து, ஸ்பிரே அடித்ததும் பள்ளம் பள்ளமாகக் கரைந்துவிட்டது.
(பெற்றோர், திருப்பாதிரிப்புலியூர்)

ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். 6 மி.மீ. ஈவா ஃபோம் ஷீட் வாங்குங்கள். கதைப்படி கேடயம் 2½ அடி விட்டம், 12 பவுண்டு. நான்கு அடி உயரப் பையனுக்கு 40 செ.மீ. போதும்.

ஷீட்டில் 21 செ.மீ. ஆரத்துக்கு வட்டம் வெட்டுங்கள். அதே மையத்தில் 9 செ.மீ. ஆரத்துக்கு இன்னொரு வட்டம் வரையுங்கள், வெட்ட வேண்டாம். விளிம்பில் எதிரெதிராக நான்கு இடத்தில், உள்வட்டத்தைத் தொடும்வரை 12 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். ஆப்பின் அகலம் விளிம்பில் 1.4 செ.மீ., உள்ளே போகப் போகப் பூஜ்யம். வெட்டிய ஓரங்களில் இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டுப்பசை தடவி, கை ஒட்டாத அளவு உலரவிட்டு (10 முதல் 15 நிமிடம்) சேர்த்து அழுத்தினால், நடு தட்டையாகவும் ஓரம் சரிந்தும் 4½ செ.மீ. குழி விழும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அழுத்தம் தாங்காமல் வாய் பிளக்கும். வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டினால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காயவே காயாது. பசை வேலையைப் பெரியவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

ஃபோம் பெயின்டைக் குடிக்கும். அதனால் முதலில் ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு. இங்கே அது ஒட்டும் வேலை செய்யவில்லை, துளையை அடைக்கிறது. பிறகு அக்ரிலிக். சரிவில் உள்ள 12 செ.மீ.-ஐ 4, 4, 4 ஆகப் பிரித்து வெளியிலிருந்து சிவப்பு, வெள்ளை, சிவப்பு. நடுவில் நீலம். நட்சத்திரத்துக்கு காம்பஸை 10.6 செ.மீ. திறந்து உள்வட்டத்தின் மேல் ஐந்து முறை அடி வைத்தால் ஐந்து முனையும் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றைக் கோட்டால் இணையுங்கள்.

கைப்பிடி பிய்ந்து வருவதுதான் மேடையில் நடக்கும் விபத்து. இரண்டு அங்குல எலாஸ்டிக் பட்டை இரண்டு, தலா 25 செ.மீ. ஒவ்வொரு முனையிலும் 5 செ.மீ.-ஐ ஒட்டி, அதன்மேல் 6-க்கு 8 செ.மீ. ஃபோம் துண்டை வைத்து ஒட்டுங்கள்.

'இந்தியக் கேப்டன்' ஆக மாற்ற நினைத்தால் ஒரு எச்சரிக்கை. தேசியக் கொடியை அப்படியே உடையாக வெட்டித் தைக்கக் கூடாது. 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியைப் பயன்படுத்துவது குற்றம், மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். கொடியின் மேல் எழுத்தும் கூடாது. கொடி அமைப்பைத் தொடாமல் நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்வதே தொல்லையில்லாத வழி.

பழைய ஆங்கிலக் காமிக்ஸ் சில சண்டே மார்க்கெட்டில் கிடைத்தன. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகிறது.
(வாசகர், வில்லியனூர்)

உப்புக்காற்று. பின்னின் கால்களை நடுப்பக்கத்தில் மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிடுங்கள், இழுக்காதீர்கள். அதே துளையில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள். முன்னதாகத் திறந்தால் தாளில் வியர்க்கும்.

புதுச்சேரியில் நடக்கும் இதேபோன்ற கதையைச் சொந்தமாக வரைய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

சண்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நியமன ஆணையிலிருந்து ஆரம்பியுங்கள். நகலை நியமித்தது யார், அந்த ஆணை எதுவரை செல்லும் என்று தெரிந்தால் சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். அந்த வகையில் உங்கள் ஊர் வரப்பிரசாதம். புதுச்சேரி எல்லை ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கிறது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் வழியாகத் துரத்தல் போகட்டும். முள்ளோடையைத் தாண்டியதும் நகலின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அசலிடம் இழக்க ஆணையே இல்லை, அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். நகல் அங்கே நிற்கிறாரா, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு வருகிறாரா? உங்கள் கதையே அந்த ஒரு கட்டம்தான். (பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் கேடயத்துக்குள் என்ன பாட்டில் என்று கேட்பார்கள். அதையும் விடாதீர்கள்.)

உடைக்குப் புதுச்சேரிக் காவலர்களின் சிவப்பு கெப்பித் தொப்பி இருக்கிறது. நகலுக்கு அதைக் கொடுங்கள், அசலுக்குத் தலை வெறுமையாக இருக்கட்டும். ஒரே உடையில் இருவர் புரளும்போது வாசகர் குழம்புவது முகத்தால் அல்ல, நிழலுருவத்தால். இருவரையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் யார் எவர் என்று தெரிந்தால்தான் மேலே போகலாம். அசலை ஒரு பக்கம் முழுக்க இடதுபுறமே வைத்திருங்கள். இடம் மாறினால், மாறும் அந்தக் கணத்துக்கென்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

தாள் ஏ3. அதற்குள் 10-க்கு 15 அங்குலம் வரையும் பரப்பு, அமெரிக்க ஓவியர்களின் அளவும் இதுவே. அச்சில் ஏறக்குறைய மூன்றில் இரண்டாகச் சுருங்கும் என்பதால் எழுத்தை 6 மி.மீ. உயரத்தில் எழுதினால் 4 மி.மீ. ஆக வரும். வசனத்தை முதலில் எழுதி, பலூனை அதைச் சுற்றிப் பிறகு போடுங்கள். 'கூ', 'மூ' கீழே இறங்கும், 'கி', 'கீ' மேலே ஏறும். வரி இடைவெளி எழுத்துயரத்தில் முக்கால் பங்காவது இல்லாவிட்டால் ஒன்றின் வால் மற்றொன்றின் தலையில் இடிக்கும். தமிழ் வசனம் நீளும். கட்டத்தின் மேல் மூன்றிலொரு பங்கைப் படம் போடாமல் காலியாக விடுங்கள். மழை மாதங்களில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் ஏறிய தாளில் மை கசிந்து, கேடயத்தின் வட்டம்தான் முதலில் கெடும்.