இருபதுக்கு நாலு: வகுப்பில் கதைக்காத மகளும் கோல் எடுக்க நினைக்கும் அம்மாவும்

அக்கா, உங்கள் வொய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். மகள் கட்டுரைக்கு நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள், ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை, ஆனால் செமஸ்டர் நடுவில் கொடுத்த புள்ளியில் ‘பங்களிப்பு’ என்ற இடத்தில் இருபதுக்கு நாலுதான் விழுந்திருக்கிறது, லெக்சரருக்கு ஒரு கோல் எடுத்துக் கதைக்கவா என்று கேட்கிறீர்கள். எடுக்காதீர்கள். கம்பஸில் படிக்கிற பிள்ளைக்காக அம்மா கோல் எடுத்தால், அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் இன்னும் குறுகிப்போய்த்தான் இருக்கும்.

“ஒரு நாளும் மட்டம் போடவில்லையே, பிறகு ஏன் நாலு?” என்கிறீர்கள். வரவு வேறு, பங்களிப்பு வேறு. 80 வீத வரவு என்பது பல இடங்களில் பரீட்சை எழுத விடுவதற்கான நிபந்தனை, அவ்வளவுதான். கலந்துரையாடலாக நடக்கும் பாடத்தில் லெக்சரர் பார்ப்பது, கொடுத்த வாசிப்பை வாசித்துவிட்டு வந்தாளா, அதிலிருந்து எதையாவது மற்றவர்கள் முன்னால் எடுத்து வைத்தாளா, இன்னொருவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு அதோடு ஒன்றைச் சேர்த்தாளா என்பதைத்தான். ஹாவர்ட் பிசினஸ் ஸ்கூலில் பல பாடங்களில் மொத்தப் புள்ளியில் பாதியளவு இதற்கே போகிறது என்றால் பாருங்கள், இங்கே இருபதோடு விட்டிருக்கிறார்கள்.

சரி, அவள் ஏன் கதைப்பதில்லை? சனிக்கிழமை என்னிடம் வந்தபோது வாசிப்புப் பிரதியையும் கொண்டு வந்திருந்தாள். 1931இல், பிரித்தானியர் ஆட்சியில் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்போடு இலங்கைக்கு வந்த சர்வசன வாக்குரிமை பற்றியது. நான் அதைத்தான் முதலில் புரட்டினேன், ஓரமெல்லாம் பென்சிலால் பொடி எழுத்து. பிள்ளை வாசிக்கிறாள், அதில் சந்தேகமே இல்லை. ஒரு பக்கத்தில் “ஆனால் யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததே?” என்று தமிழில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். உண்மைதான், முழுச் சுயாட்சி கிடைக்கவில்லை, தேர்தலைப் பகிஷ்கரியுங்கள் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொன்னதால் 1931இல் அரசாங்க சபைக்கு (அந்தக் காலத்துச் சட்டசபை) நடந்த தேர்தலில் வடக்கில் நாலு ஆசனங்களுக்கு ஆளே இல்லை, 1934 வரைக்கும் வெறுமையாகக் கிடந்தன. இதை வகுப்பில் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். மனதுக்குள் ஆங்கிலத்தில் வசனத்தை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசைப் பையன் ஒருவன் அதையே அரைகுறையாகச் சொல்லிவிட்டான், லெக்சரர் “நல்ல பொயின்ற்” என்று போர்டில் எழுதினாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதில் பிள்ளையின் பிழை கொஞ்சம்தான். ஓ.எல், ஏ.எல் முழுக்க வெள்ளவத்தையில் டியூசனுக்குப் போனவள். நூறு பேருக்கு மேல் இருக்கிற ஹோலில் சேர் மைக் பிடித்துப் படிப்பிப்பார், டியூட்டை (அச்சடித்த குறிப்பை) வாங்கிக்கொண்டு பழைய பரீட்சைப் பேப்பர்களைச் செய்தால் போதும், கை தூக்குகிற பிள்ளை நேரத்தை வீணாக்குகிற பிள்ளை. வீட்டிலும் (கோபிக்க வேண்டாம்) “பெரியாட்கள் கதைக்கும்போது வாய் காட்டாதே” என்றுதானே வளர்த்தோம், நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். பதின்மூன்று வருடம் வாயை மூடப் பழக்கிவிட்டு, பத்தொன்பது வயதில் திடீரென்று திற என்றால் எப்படித் திறக்கும்?

இன்னொன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஏறத்தாழ ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கனாகக் கூட்டினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் கதைக்கிறார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிற பிள்ளைக்கு ஒரு செக்கன் எந்த மூலைக்குக் காணும்? லெக்சரரை மாற்ற உங்களாலும் முடியாது என்னாலும் முடியாது, ஆகவே அந்த யோசிப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகச் சொன்னேன். ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின இரவு இரண்டே இரண்டு வசனம், ஒன்று கேள்வி, மற்றது வாசிப்பில் தனக்கு ஒத்துவராத ஒரு இடம், பக்க எண்ணோடு. கொப்பியில் எழுதி, கண்ணாடி முன்னாலோ பாத்ரூமிலோ சத்தமாக இரண்டு தரம் சொல்லிப் பார்க்க வேண்டும். வகுப்பில் முதல் கால் மணித்தியாலத்துக்குள் அதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பிந்தினால் பின்வரிசைப் பையன் சொல்லிவிடுவான், அதோடு பயமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆங்கிலம் பிழைத்தால் சிரிப்பார்களே என்று அழுதாள். யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்காமல் வந்து சரளமாக அலட்டுகிறவரையும், தட்டுத் தடுமாறி 42ஆம் பக்கத்தைக் காட்டுகிறவரையும் பிரித்துப் பார்க்க லெக்சரர்களுக்கு நன்றாகவே தெரியும். நீண்ட கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. “நீங்கள் இப்போது சொன்னது விளங்கவில்லை, ஒரு உதாரணம் சொல்வீர்களா” என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்பதும் பங்களிப்புத்தான். இடத்தையும் மாற்றச் சொன்னேன், தூண் மறைவில் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டாள். அதற்காக எல்லாவற்றுக்கும் கை தூக்கவும் வேண்டாம், அது இன்னொரு வகைத் தலையிடி.

லெக்சரரைச் சந்திக்க வேண்டியது அவள்தான். வகுப்பு முடிந்ததும், “பங்களிப்புக்கு எதையெல்லாம் பார்க்கிறீர்கள் சேர், நான் கதைக்கப் பயப்படுகிறேன், எதில் தொடங்கலாம்” என்று கேட்கட்டும். ஏன் நாலு தந்தீர்கள் என்று கேட்கப் போகக்கூடாது, இரண்டும் ஒன்றில்லை. சிலர் எழுத்தில் தரும் குறிப்பையும் கணக்கில் எடுப்பார்கள், கேட்டால்தானே தெரியும். பதினைந்து கிழமை செமஸ்டரில் ஏழுதான் முடிந்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது, இன்றைக்கு வாசித்ததில் எது பிழை என்று நினைக்கிறாய் என்று அவளைக் கேளுங்கள். தமிழிலேயே சொல்லட்டும். கேட்டுவிட்டு மூன்று செக்கன் சும்மா இருங்கள். அவளுடைய அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள், அவர்தான் முதல் செக்கனிலேயே 1931ஐப் பற்றி விரிவுரை தொடங்கிவிடுவார் என்று அவள் என்னிடம் சொல்லிவிட்டாள்.