மருத்துவர் பதில்: கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் பிறகு வலி கூடினால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு மாதங்களாக இடுப்பு வலி. இடது காலில் பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4-எல்5 வட்டு (நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பத்து நாள்களுக்கு முன், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் சிகிச்சை தொடங்கினேன். இரண்டாவது சிட்டிங்கில் ‘டப்’பென்று சத்தம் கேட்டது. அன்று இரவிலிருந்து இரண்டு நாள் வலி கூடி, உடம்பே அடித்துப் போட்டதுபோல் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. எலும்பு நகர்ந்துவிட்டதா? நரம்பு நசுங்கியிருக்குமா? இந்தச் சிகிச்சையால் கால் விளங்காமல் போனதாக இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டிலிருந்த வலி மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொள்கிறேன். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த முறை கழுத்தையும் சேர்த்துச் சரிசெய்வதாகவும், மொத்தம் 24 சிட்டிங் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். தொடரலாமா?

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை பல, ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கால் விளங்காமல் போய்விடுமோ என்ற ஒரே அச்சம்தான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கூடியிருந்து மூன்றாம் நாள் தானாக இறங்கிய வலி, கால் செயலிழப்பதன் தொடக்கம் ஆகாது. தண்டுவடம் முதுகின் அடி வரை ஓடுவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்களுக்குப் பிதுங்கியிருக்கும் வட்டு அதற்கும் கீழே இருக்கிறது. அந்த இடத்தில், தண்டுவடத்தின் முனையிலிருந்து இறங்கும் நரம்புகள் குதிரையின் வாலைப் போலக் கொத்தாகத் தொங்கி, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்து வெளியேறுகின்றன. பிதுங்கிய வட்டு பெரும்பாலும் அவற்றில் ஏதோ ஒன்றை ஒரு பக்கமாக உரசும். உங்கள் இடது கால் இழுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இணையத்தில் நீங்கள் பார்த்த சம்பவத்தில் யாருக்கு, முதுகெலும்பின் எந்தப் பகுதியில், என்ன நேர்ந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை உங்கள் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சையைப் பெறுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, குறிப்பாக முதல் சில சிட்டிங்குகளுக்குப் பிறகு, அந்த இடத்தில் வலியோ விறைப்போ வரும்; சிலருக்குத் தலைவலியும் அசதியும் சேர்ந்துகொள்ளும். பல நாள்களாக அசையாமல் இறுகிக் கிடந்த தசைகளையும் மூட்டுகளையும் ஒரே நேரத்தில் இழுத்து அசைத்தால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு உடற்பயிற்சி செய்த மறுநாள் தொடை வலிப்பதைப் போன்ற வலி இங்கேயும் உண்டாகும். இது பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தொடங்கி, 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு நேர்ந்தது இந்தக் கணக்குக்குள் சரியாகப் பொருந்துகிறது. ‘உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது’ என்று யாராவது இதற்கு விளக்கம் சொன்னால், காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். விரலில் நெட்டி முறிக்கும்போது எழும் சத்தம்தான் அதுவும். மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது, நடுவிலுள்ள மூட்டுத் திரவத்தில் வாயு நிறைந்த குழி ஒன்று உருவாகிறது. இது 2015இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தே படம் பிடிக்கப்பட்டது. எலும்பு நகர்ந்த சத்தமும் இல்லை, நகர்ந்திருந்த எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தமும் இல்லை. சத்தம் வந்தால் சிகிச்சை பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை என்றும் கிடையாது. இடம் மாறிய எலும்பைத் தட்டிச் சரிசெய்தால் நோய் தீரும் என்பது, 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் இந்த முறையைத் தொடங்கிய டேனியல் டேவிட் பால்மரின் கருத்து. மருத்துவ அறிவியல் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனால் விளக்கம் தவறாக இருந்தாலும், இடுப்பு வலியில் கைச் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது என்பது உண்மை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், மாத்திரை இல்லாத சிகிச்சைகளின் வரிசையில் இதற்கு இடம் உண்டு.

ஸ்கேன் அறிக்கையில் உள்ள ‘பிதுக்கம்’ என்ற சொல்லைப் பார்த்தும் மிரள வேண்டாம். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், நாற்பது வயதினரில் பாதிப் பேருக்கும் ஐம்பது வயதினரில் 60 சதவீதத்தினருக்கும் இதே பிதுக்கம் இருந்தது. பிதுங்கிய வட்டை யாரும் கையால் உள்ளே தள்ளிவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் வரும் கால் வலி சில மாதங்களில் தானாகவே தணிகிறது.

இனி நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது: சிறுநீர் வழக்கம்போலப் போகிறதா?

சற்று முன் சொன்ன அந்தக் குதிரைவால் கொத்தின் நடுவில் ஓடும் மெல்லிய நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும், அந்தரங்க உறுப்புகளின் உணர்ச்சியையும் ஆள்கின்றன. வட்டு பக்கவாட்டில் பிதுங்கினால் ஒரு கால் வலிக்கும். அது நடுவில் பெரிதாகப் பிதுங்கிக் கொத்து முழுவதையும் நெரித்தால், உட்காரும்போது இருக்கையில் படும் பகுதி, அதாவது குதிரைச் சேணத்தில் பதியும் பின்புறமும் உள்தொடைகளும் தொடையிடுக்கும், மரத்துப்போகத் தொடங்கும். சிறுநீர் முட்டும் உணர்வு மங்கும், முக்கினால்தான் வரும், வந்து முடிந்ததா இல்லையா என்பதே தெரியாது. மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீரோ விரலோ பட்டது உணர்வில் ஏறாது. ஒரு காலில் இருந்த வலி இரண்டு கால்களுக்கும் பரவலாம். இது மிக அரிது. அழுத்திய கைதான் இதற்குக் காரணமா, ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த வட்டு தன் போக்கில் செய்ததா என்று பிரித்துச் சொல்வதும் பல நேரங்களில் கடினம். அந்த விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இவற்றில் எந்த அறிகுறி தோன்றினாலும், விடியும் வரைகூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை நீக்குவதற்கு நமக்குக் கிடைக்கும் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் என்று சொல்வார்கள். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிறுநீர் முழுமையாக அடைத்துக்கொண்ட பிறகு வருபவர்களுக்கு, அந்தக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.

இதைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் வெட்கம்தான். என்னிடம் வந்த ஒருவர் இருபது நிமிடம் தன் கால் வலியைப் பற்றியே பேசினார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவின் கைப்பிடியில் கையை வைத்த பிறகுதான் திரும்பி, ‘இரண்டு நாளாகக் கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை டாக்டர், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பதால்தானே?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவரை மறுபடி படுக்கவைத்து ஸ்கேன் செய்தபோது, அவருடைய சிறுநீர்ப்பையில் 800 மில்லிலிட்டருக்கு மேல் தேங்கியிருந்தது. சாதாரணமாக அதில் பாதி நிறைந்தாலே யாருக்கும் உட்கார முடியாமல் முட்டும். அவருக்கோ போக வேண்டும் என்றே தோன்றவில்லை. அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. கால் வலி உடனே போய்விட்டது. சிறுநீர் சீராவதற்குப் பல மாதங்கள் ஆயின. ஆகவே உங்களுக்கு எப்போதாவது அப்படி நேர்ந்தால், அவசரப் பிரிவில் ‘முதுகு வலி’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள். ‘சிறுநீர் போவது தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது’ என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதற்கு அடுத்தபடியாக, கால் வலி எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதம் வரை இழுத்துக்கொண்டிருந்த வலி முழங்கால், தொடை என்று மேலேறி இடுப்போடு நின்றுவிட்டால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் நல்ல அறிகுறிதான். இடுப்பு லேசாகி, வலி கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தச் சிகிச்சை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். கால் வலி திடீரென்று காணாமல் போய், அதற்குப் பதிலாகக் கால் மரத்தும் தளர்ந்தும் போவது இன்னும் மோசம். செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரியாமல் இரண்டடி நடந்துவிடுகிறீர்களா, சமதரையிலும் கட்டைவிரல் தட்டுகிறதா என்று பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடியும், நுனிக்காலால் பத்து அடியும் நடந்து பாருங்கள். வலது கால் செய்வதை இடது கால் செய்ய முடியாமல் திணறினால், மூன்றாவது சிட்டிங்குக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். திணறாவிட்டாலும், உங்கள் வலி பாதம் வரை இறங்கியிருப்பதால், காலின் வலுவையும் உணர்ச்சியையும் அனிச்சைச் செயலையும் ஒரு மருத்துவர் சோதித்த பிறகே சிகிச்சையைத் தொடர வேண்டும். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு முதுகில் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எலும்பை வலுவிழக்கச் செய்யும் எலும்புப்புரை நோய், முன்பு வந்த புற்றுநோய், நெடுநாள் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து ஆகியவற்றைப் பற்றி அவர்கள் உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லையென்றால், கேட்பவரிடம் போங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. யாருக்கோ, எதற்கோ எழுதிக்கொடுத்து மிஞ்சிய அட்டையிலிருந்து, தினமும் இருவேளை எடுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதன் பெயரைக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்; அதற்காக நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்; இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்; வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும். டிரமடால் போன்ற மாத்திரையாக இருந்தால் அதுவே சிறுநீரை அடைக்கக்கூடும். அப்போது அடைப்புக்குக் காரணம் மாத்திரையா, நரம்பா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. ‘மாத்திரையால்தான்’ என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுவதைவிட ஆபத்து வேறில்லை. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். சிட்டிங் முடிந்த பிறகு வரும் இரண்டு நாள் வலிக்கு வெந்நீர் ஒத்தடமும், படுத்தே கிடக்காமல் சிறிது சிறிதாக நடப்பதும் பெரும்பாலும் போதும்.

கழுத்தைத் தொட விடாதீர்கள். இடுப்பு வலிக்காகப் போனவரின் கழுத்தைத் திருப்புவதற்கு எந்தத் தேவையும் இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிவது அரிதென்றாலும் நடந்திருக்கிறது. அதனால் வரும் பக்கவாதம் சில நாள்கள் கழித்தும் தோன்றலாம். உங்களுக்குப் பலனே இல்லாத ஒன்றுக்காக அந்த அரிய ஆபத்தைக்கூட நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

மீதி இருப்பது 24 சிட்டிங் கணக்கு. முதல் நாளே இத்தனை என்று சொல்லிவிடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மருத்துவர் சோதித்து அனுமதித்தால், இன்றிலிருந்து நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து பாருங்கள். கூடவே இடுப்புக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகளை ஓர் இயன்முறை மருத்துவரிடம் கற்றுச் செய்யுங்கள். கைச் சிகிச்சை மட்டும் தனியாகத் தரும் பலன் சிறிது. பயிற்சியோடு சேரும்போதுதான் அது நிலைக்கிறது. எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை முறை வலியால் விழிக்கிறீர்கள் என்ற மூன்றையும் இன்றைக்கு ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். நான்காம் வாரக் கடைசியில் அதே மூன்றையும் மறுபடி எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால், இன்னும் எத்தனை சிட்டிங் பாக்கி இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.