பிழைச் செய்தியே வராமல் மொத்தம் குறைகிறது: பைத்தான்

வணக்கம். சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) உள்ள விலைகளைப் பைத்தான் நிரலில் கூட்டினால் மொத்தம் குறைவாக வருகிறது, பிழை எதுவும் காட்டவில்லை, நிரல் ஓடும்போது அதை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொரு வரியையும் படிக்கும் லூப்புக்குள், பிழையின் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் பிடிக்கும் வெறும் எக்செப்ட் போட்டு, அதன் கீழே 'எதுவும் செய்யாதே' என்று பொருள்படும் பாஸ் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த மாதிரி வரியில் விலை "1,250" என்று காற்புள்ளியோடு இருக்கிறது. எழுத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃபுளோட் அதை ஏற்காது, மதிப்பு சரியில்லை என்னும் வேல்யூஎரர் பிழையை எழுப்பும். பாஸ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவதால் அந்த வரி கூட்டலில் சேர்வதே இல்லை. ஆயிரத்துக்குக் கீழே உள்ள விலைகள் மட்டும் ஒழுங்காகச் சேர்கின்றன. அதனால்தான் சின்னக் கோப்பில் சோதித்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும்.

கன்ட்ரோல்-சி எழுப்புவது கீபோர்டுஇன்டரப்ட். அது வழக்கமான பிழைகள் அடங்கும் எக்செப்ஷன் வகுப்பின் கீழ் வராது, அதற்கும் மேலே உள்ள பேஸ்எக்செப்ஷனின் கீழ் நேராக வரும். வெறும் எக்செப்ட் அதையும் பிடித்துக்கொள்ளும், அதனால் நிரல் நிற்காமல் ஓடுகிறது.

சரி, முதலில் ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை நீக்குங்கள். அப்புறம் டிரைக்குள் (பிழை வரக்கூடிய வரிகளை வைக்கும் பகுதி) ஃபுளோட் வரி மட்டும் இருக்கட்டும். பிடிக்கும் இடத்தில் 'எக்செப்ட் வேல்யூஎரர் ஆஸ் ஈ' என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். பணக் கணக்கில் தவறான வரியைத் தாண்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை. வரி எண்ணையும் அதில் இருந்த மதிப்பையும் செய்தியில் வைத்துப் புதிதாக ஒரு வேல்யூஎரரை ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது எழுப்புங்கள். கடைசியில் 'ஃப்ரம் ஈ' சேர்த்தால் மூலப் பிழையும் டிரேஸ்பேக்கில் (பிழை எங்கே வந்தது என்று காட்டும் செய்தி) தெரியும்.

விலை காலியாக உள்ள வரிகளும் இதே பிழையைத்தான் தரும். அவற்றைப் பூஜ்யமாக எடுப்பதா வேண்டாமா என்று கோப்பைத் தந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.