தாத்தா தூங்கவில்லை

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது. போன மாதம் என் மாமனார் தவறிவிட்டார். 'தாத்தா தூங்குகிறார்' என்று சொல்லி அவனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டோம். அதிலிருந்து ராத்திரி தூங்க மறுக்கிறான். பகலில் தரையில் விறைப்பாகப் படுத்துக்கொண்டு, 'நான் செத்துட்டேன், அழு' என்று தங்கையை மிரட்டுகிறான். ஒருநாள் தாங்கமுடியாமல் அடித்துவிட்டேன். செல்போனில் சண்டைக் காட்சிகள் பார்ப்பதால் வந்த வினை என்கிறார்கள் உறவினர்கள். முத்தக் காட்சி வந்தால் 'என்ன பண்றாங்க' என்று வேறு கேட்கிறான், செல்போனை அணைத்துவிடுகிறேன். எந்த வயதில் எதைப் பார்க்க விடலாம் என்று ஓர் அட்டவணை போலச் சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள க.,

அட்டவணை என்னிடம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் 'தாத்தா தூங்குகிறார்' என்ற வரி. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த அடி. நமக்குத் துக்கம் வந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதற்கான சொற்கள் இல்லை, அதனால் உடம்பை வைத்து யோசிக்கிறான். செத்துப்போனால் எப்படி இருக்கும், அசையாமல் எவ்வளவு நேரம் கிடக்க முடியும், யார் அழுவார்கள் என்று படுத்துப் பார்க்கிறான். யோசித்துக்கொண்டிருந்த பிள்ளையை அடித்திருக்கிறீர்கள். இனி செய்யாதீர்கள்.

அந்த விளையாட்டைத் தடுக்காமல் கவனியுங்கள். 1976-ல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்தி, மண்ணுக்குள் புதைத்திருந்த ஒரு லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பி வந்தார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அந்தப் பிள்ளைகளில் சிலர் விளையாடிய விதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரே கதை, ஒரே முடிவு, சந்தோஷமே இல்லாமல் திரும்பத் திரும்ப. உங்கள் மகனின் விளையாட்டு நாளுக்கு நாள் மாறுகிறதா? செத்தவன் எழுந்து ஓடுகிறானா, தங்கை வைத்தியராகிறாளா? அப்படியானால் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் இம்மியும் மாறாமல் அதே இறுகிய முகத்தோடு நடந்தால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சரி, அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையிலான 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு எழுதவைத்தும் வரையவைத்தும் பார்த்தார். 1948-ல் அது வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம், இல்லாவிட்டால் ஒருவிதத் தூக்கம். போனவர் வரலாம், தூங்கியவர் எழலாம். உங்கள் மகன் இந்த எண்ணத்தைத் தாண்டி வரப்போகிற வயதில் நிற்கிறான். செத்தவர் திரும்ப மாட்டார், உடம்பு வேலை செய்யாது, எல்லாருக்கும் ஒருநாள் இது உண்டு என்ற மூன்றையும் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தாத்தா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டு, ராத்திரி அவனைப் படுக்கவைத்து 'தூங்கு' என்கிறீர்கள். அவன் எப்படித் தூங்குவான்?

இன்னொன்றும் இருக்கிறது. தான் நினைத்ததும் சொன்னதும்தான் உலகத்தில் நடக்கிறது என்று நம்புகிற வயது அது.

எனக்கு ஆறு வயதில் பாட்டி இறந்தாள். அதற்கு முந்தின நாள் ஏதோ கோபத்தில் 'நீ போயிடு' என்று அவளிடம் கத்தியிருந்தேன். மறுநாள் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள், சாயங்காலம் திரும்பி வந்தபோது பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அவளுடைய கண்ணாடி ஜன்னலோரமே இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதுவும் தெரியாதே, நான் போகச் சொன்ன அவசரத்தில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்து அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். மூன்று வருஷம். ஒன்பது வயதில், வந்திருந்த யாரோ பேச்சுவாக்கில் அவள் செத்துப்போனதைச் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் அழவில்லை, அம்மாவிடம் பேசவே இல்லை. ரொம்பப் பின்னால், 'நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல' என்றாள் அம்மா. அவளும் அப்போது சின்னப் பெண்தான், இறந்தது அவளைப் பெற்றவள். அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

செல்போன் சண்டையா? குறையுங்கள், அதில் வாதமே இல்லை. 1961-ல் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தவர்கள் அதே அடியை, அதே சொற்களோடு அடித்தார்கள். திரையில் பார்த்தாலும் அப்படித்தான் என்று 1963-ல் காட்டினார். ஆனால் உங்கள் வீட்டில் நடப்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை, உறவினர்கள் பேச்சை விடுங்கள்.

முத்தக் காட்சிக்கு 'பிரியமா இருக்காங்க' என்று சொன்னால் போதும், அவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். பட்டென்று அணைத்தால் அதில் ஏதோ பயங்கரம் இருக்கிறது என்று உங்கள் முகத்திலிருந்து படித்துக்கொள்வான். இதைத் தாண்டிய காட்சி எதையாவது தற்செயலாகப் பார்த்துவிட்டால், சின்னப் பிள்ளைக்கு அது ஒருவரை ஒருவர் வலிக்கச் செய்வதாகத்தான் படும். திட்டாமல், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். யாராவது வேண்டுமென்றே காட்டியிருந்தால் அது பிள்ளைமேல் நடந்த குற்றம், ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

இன்றைக்கே அவனை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தாத்தா செத்துப்போய்விட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவருக்கு இனி வலிக்காது, பசிக்காது, திரும்பி வர மாட்டார். நீ சொன்னதாலோ செய்ததாலோ இது நடக்கவில்லை. தூக்கம் வேறு, இது வேறு. நீ தூங்கினால் காலையில் எழுந்துவிடுவாய். 'செத்துப்போய்விட்டார்' என்ற சொல்லையே சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். 'நீயும் செத்துப்போவியா?' என்று கேட்பான். இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ரொம்ப நாள் இருப்பேன் என்று நினைக்கிறேன், உன்னைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருப்பார்கள் என்று சொல்லுங்கள். நாளைக்கு இதே கேள்வியைத் திரும்பவும் கேட்பான், பத்து தடவை கேட்பான், பத்து தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். நடுவில் உங்களுக்கு அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள்.

அப்புறம், அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.