16 கோர் போட்டும் கணக்கு வேகமாக ஓடவில்லை, என்ன செய்வது?

கும்பகோணத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி கேட்கிறார்: "கொள்ளிடக் கரைக்குள் நீர்க்கசிவை ஃபைனைட் எலிமென்ட் முறையில் (இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து) முப்பரிமாணத்தில் கணக்கிடுகிறேன். பெரிய சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கும் பெட்ஸி (PETSc) நூலகத்தை வைத்து எழுதிய நிரல். கண்டுபிடிக்க வேண்டிய மாறிகள் 6 லட்சம். மேசைக் கணினியில் டிடிஆர்4-3200 நினைவகம், இரண்டு சேனல் (நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான பாதை). ஒரு கோரில், அதாவது செயலியின் ஒரு கணக்கிடும் பகுதியில், 40 நிமிடம், நான்கில் 13, பதினாறில் 12. துறையில் கொஞ்சம் நிதி இருக்கிறது. 64 கோர் இயந்திரம் வாங்கிவிடலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் சிக்கல் எங்கே என்று பார்ப்போம்.

நான்கு பேர் நடுகிற வயலில் பதினாறு பேரை இறக்குகிறீர்கள். நாற்றங்காலிலிருந்து நாற்று முடி சுமந்து வருபவர்களோ இரண்டே பேர். முடி வந்து விழும்வரை பதினாறு பேரும் சேற்றில் நிற்க வேண்டியதுதான். உங்கள் கணினியில் நடப்பதும் இதுவே. கோர்கள் நடுகிறவர்கள், நினைவக சேனல்கள் முடி சுமப்பவர்கள்.

கணக்குப் போட்டே காட்டலாம். உங்கள் சமன்பாடுகளின் எண் அணியில் (மேட்ரிக்ஸ்) பெரும்பாலும் பூஜ்யம்தான். பூஜ்யமல்லாத ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட், அது எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்பதற்கு 4 பைட். ஆக 12 பைட்டைக் கொண்டுவந்து ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் செய்கிறோம். உங்கள் நினைவகம் நொடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிகாபைட் தரும். அப்படியானால் நொடிக்குச் சுமார் 850 கோடி செயல்கள்தான் உச்சம், கோர் எத்தனை இருந்தாலும். நான்கு கோரே கிட்டத்தட்ட அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். சந்தேகமிருந்தால் பெட்ஸி கோப்பகத்தில் 'மேக் ஸ்ட்ரீம்ஸ்' கட்டளையை ஓட்டுங்கள். வேகம் எந்தக் கோரோடு நின்றுபோகிறது என்று அதுவே சொல்லும்.

பின்னால் வாங்குவதாக இருந்தாலும் விலைப்பட்டியலில் கோர் எண்ணிக்கையை விட்டு சேனல் எண்ணிக்கையைப் பாருங்கள். அப்புறம், ஒரு பிராசஸுக்கு, அதாவது ஒரு கோரில் ஓடும் நிரலின் ஒரு பிரதிக்கு, குறைந்தது 10,000 மாறிகளாவது, முடிந்தால் 20,000க்கு மேல் இருக்கட்டும் என்பது பெட்ஸி குழுவினரின் அறிவுரை. பதினாறில் உங்களுக்கு 37,500 வருகிறது, நல்லது. 64இல் 9,375 ஆகிவிடும். பிராசஸ்கள் தமக்குள் நடத்தும் பேச்சுவார்த்தைக்கே நேரம் போய்விடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், பெட்ஸி பல பிராசஸில் பிளாக் ஜகோபி என்ற முன்சீராக்கியைத்தான் (சமன்பாடுகளைத் தீர்க்க எளிதாக்கித் தரும் முறை) எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தன் பங்கை மட்டும் தீர்க்கும். துண்டு கூடக் கூட, விடை நிலைபெற அதிகச் சுற்றுகள் தேவைப்படும். டெல்டா மண்ணில் இது இன்னும் கடுமை. மணலும் களியும் மாறி மாறிக் கிடக்கின்றன. நீர் புகும் வேகம் இரண்டுக்கும் பல்லாயிரம் மடங்கு வேறுபடும். ஒரு கோரிலும் பதினாறிலும் சுற்று எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். கூடியிருந்தால், ஹைப்பர் நூலகத்தின் பூமர் ஏஎம்ஜி என்ற பல்நிலை முறைக்கு மாறுங்கள். புது இயந்திரம் தராத வேகத்தை இந்த மாற்றம் தரக்கூடும், அதுவும் செலவில்லாமல்.

சின்ன விஷயம் ஒன்று: ஒரு பிராசஸ் எத்தனை த்ரெட் (இணையாக ஓடும் கிளை) திறக்கலாம் என்று சொல்லும் ஓஎம்பி நம் த்ரெட்ஸ் (OMP_NUM_THREADS) சூழல் மாறியை 1 என்று வையுங்கள். இல்லையென்றால் 16 பிராசஸும் ஆளுக்குப் 16 த்ரெட் திறந்து 256 பேர் முட்டிக்கொள்ளும் நிலை வரலாம்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை, கணக்கு உண்மையிலேயே பெரிது என்றால், திருச்சி என்ஐடியில் 2022இல் நிறுவிய 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி செயல்கள்) திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கணினி இருக்கிறது. அதில் நேரம் கிடைக்குமா என்று உங்கள் வழிகாட்டி மூலம் கேட்டுப் பாருங்கள்.

வேகத்துக்காக ஒவ்வொன்றை மாற்றும்போதும் விடையைச் சரிபாருங்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். கரைக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. ஒரு கோரிலும் பதினாறிலும் வரும் மொத்தக் கசிவு, நீங்கள் தீர்ப்பானுக்குக் கொடுத்த பிழை வரம்புக்குள் ஒத்துப்போக வேண்டும். கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் மாறலாம், அது இயல்பு. மூன்றாவது இலக்கமே மாறினால், துண்டுகள் சேரும் எல்லையில் ஏதோ ஒரு கணுவை (கட்டங்கள் சந்திக்கும் புள்ளியை) இருமுறை கூட்டியிருக்கிறீர்களா என்று முதலில் தேடுங்கள்.