பைலட் சம்பளத்தில் முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

மகள் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்கிறாள், பைலட் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீங்களோ, "பைலட்டுகளே சம்பளத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், இதை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான் அம்மா.

2024 ஏப்ரலில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பைலட்டுக்கு மாதம் இத்தனை மணி நேரத்துக்கு என்று ஒரு நிலையான சம்பளம் உண்டு. அந்த நேரம் பறக்காவிட்டாலும் அது வரும். அதற்கு மேல் பறந்தால் மணிக்கணக்கில் தனியாகத் தருவார்கள். ஏர் இந்தியாவோடு இணையும் நேரத்தில், விஸ்தாராவில் 70 மணி நேரமாக இருந்த அந்த உத்தரவாதத்தை 40 ஆக்கினார்கள். கேப்டன்களைவிடத் துணை விமானிகளுக்குத்தான் அடி பலம். பலர் உடம்பு சரியில்லை என்று லீவு போட, ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

அங்கே முதலில் அடிபட்ட துணை விமானி பதவியில்தான் உங்கள் மகளும் வேலையைத் தொடங்குவாள்.

சங்கம் இருந்தால் காப்பாற்றாதா? ஓரளவுக்கு. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றான பிறகும் இரு தரப்புக்கும் சம்பளம் ஒரே மாதிரி இல்லை. 2011-இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளின் சங்கம் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த வருடம் இன்னொரு சங்கம், டிரீம்லைனர் என்ற புது வகை விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்ற தகராறில் 58 நாள். அதில் நூறு பேருக்கு மேல் வேலைநீக்கம். சங்கத்தின் அங்கீகாரமும் போனது. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வேலைக்குத் திரும்பினார்கள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் தவணையை மட்டும் உத்தரவாத மணி நேரத்துச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். "மாதம் இவ்வளவு லட்சம்" என்று பயிற்சிப் பள்ளி சொல்லும் தொகையில் பறந்தால்தான் கிடைக்கும் பணமும் சேர்ந்திருக்கலாம். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கினாலும் வேலை உடனே வந்துவிடாது. டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சி, அதன் செலவு வேறு தனி. வேலை கிடைத்தால் பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சட்டென்று விலகவும் முடியாது: 2017 விதிப்படி துணை விமானி ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், கேப்டன் ஒரு வருடம்.

அப்புறம், பத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை இரண்டையும் முடித்துவிடுங்கள், கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. கண்ணிலோ காதிலோ குறை என்று பீஸ் கட்டிய பிறகு தெரிந்தால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.