அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் வந்திருக்கிறது. எனக்கும் வருமா? மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லையே. எழுபதைத் தாண்டி வந்ததற்கும் ஐம்பதுக்குள் வந்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

என் அப்பாவுக்கு 43 வயதில் வந்தது. மரபணு ஆலோசகர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. "வேற யாருக்காவது?" என்று கேட்டார். "குடல்ல யாருக்கும் இல்லைங்க. அத்தைக்குக் கர்ப்பப்பைல வந்தது, அது வேற" என்றேன். பேசாமல் அத்தையின் வட்டத்தையும் கறுப்பாக்கினார்.

இப்படி ஒரே குடும்பத்தில் குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோய் வரவைக்கும் பரம்பரைக் கோளாறுக்குப் பெயர் லிஞ்ச் சிண்ட்ரோம். செல் பிரியும்போது டிஎன்ஏவில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதி இருப்பதால் நல்ல பிரதி சமாளித்துக்கொண்டே வரும். குடலிலோ கர்ப்பப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால்தான் பிழைகள் குவிய ஆரம்பிக்கும். எந்த மரபணு என்பதும் முக்கியம். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் ஆயுளுக்குள் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரை போகும். பிஎம்எஸ்2 என்றால் அதைவிட வெகுவாகக் குறைவு. ஏபிசி மரபணு பழுதானால் கதையே வேறு: பதின்ம வயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள், அதாவது சிறு சதை முளைகள், முளைக்கும்.

ஆனால் இவை எல்லாம் சேர்ந்தே குடல் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து அளவுதான். மற்றபடி குடும்பத்தில் ஓடுவது பெரும்பாலும் டிஎன்ஏவில் உள்ள சில்லறை மாற்றங்கள். எட்டாவது குரோமோசோமில் 2007-இல் கண்டுபிடித்த ஒன்று, பிரதிக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவே ஆபத்தைக் கூட்டுகிறது. அப்படிப்பட்டவை இருநூறுக்குமேல் தெரியவந்திருக்கின்றன.

சோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். முதலில் அப்பாவின் கட்டித் திசு, பிறகு அவர் ரத்தம். அவரிடம் என்ன பழுது என்று தெரியாமல் உங்களுக்கு "நெகட்டிவ்" என்று வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. தெரிந்துவிட்டால், லிஞ்ச் குடும்பங்களில் அந்தப் பழுது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. வராவிட்டால் உங்கள் ஆபத்தும் ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பழுது எனக்கு வந்தது, தம்பிக்கு வரவில்லை. அவன் இன்றுவரை அதற்காக என்னிடம் சங்கடப்படுகிறான். எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனாஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. மற்றவர்களுக்குப் பாலிப் புற்றாக மாற பத்து வருடம்கூட ஆகும். எங்களுக்கு இரண்டு மூன்று வருடமே போதும். முந்தின நாள் குடிக்கச் சொல்லும் மருந்துதான் கொடுமை, குழாய் ஒன்றுமே இல்லை. மூன்றாவது முறை திரையில் பட்டாணி அளவில் ஒன்று தெரிந்தது. கம்பிச் சுருக்கைப் போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன இடத்தில் அவருடைய திசு பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். அதிலிருந்தே சோதனையை ஆரம்பிக்கலாம்.